கடைசி விமானத்தில் ஏறாமல் நழுவுவது: காசு மிச்சமா, வம்பா?

11 ஜனவரி 2025, ஒரு வாசகர் கேட்டது

பாஸ்டனிலிருந்து சிகாகோவுக்கு ஞாயிறு மாலை விமானம் 289 டாலர். அதே விமானத்தில் ஏறி, சிகாகோவில் மாறி டிமாயின் வரை போவதாக டிக்கெட் எடுத்தால் 148. நான் சிகாகோவிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? பிடிப்பார்களா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

11 ஜனவரி, இரவு

செய்து பார்த்திருக்கிறேன் தம்பி. ஆறு முறை. நீங்கள் சொல்லும் அதே வழிதான். மகள் பாஸ்டனில் படிக்கிறாள், நாங்கள் சிகாகோவுக்கு மேற்கே புறநகரில் இருக்கிறோம். டிமாயின் என்கிற ஊருக்கு ஆறு டிக்கெட் வாங்கியிருக்கிறேன், இன்றுவரை அந்த ஊரைப் பார்த்ததில்லை. அயோவா மாநிலத்தின் தலைநகரம் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு எஸ் வரும், இரண்டையும் விழுங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றும் தெரியும். அவ்வளவுதான்.

பிடிப்பார்களா என்றால், சிகாகோவில் இறங்கும்போது கையைப் பிடித்து யாரும் நிறுத்த மாட்டார்கள். உள்நாட்டுப் பயணம், கதவு திறந்திருக்கிறது, நடந்து வெளியே வரலாம். போலீஸ் விவகாரம் இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கும்போது நாம் படிக்காமல் சம்மதம் சொல்லும் நிபந்தனைகளில் இது கூடாது என்று பெரிய நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. கண்டுபிடித்தால் மீதிப் பயணத்தை ரத்து செய்யலாம், அடிக்கடி பறந்து சலுகைக்காகச் சேர்த்த மைல் கணக்கை அழிக்கலாம், வித்தியாசத் தொகையைக் கேட்டு பில் அனுப்பலாம், இனிமேல் எங்கள் விமானத்தில் ஏறாதே என்றும் சொல்லலாம். எனக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. எனக்கு நடந்தவை வேறு. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

12 ஜனவரி

முதலில் ஏன் இப்படி ஒரு விலை என்று சொல்லிவிடுகிறேன். நானும் ரொம்ப நாள் இதை கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

விமான நிறுவனம் தூரத்துக்குக் காசு வாங்குவதில்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்கிற ஜோடிக்கு விலை வைக்கிறது. பாஸ்டன்–சிகாகோ ஒரு சந்தை. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டியவர்கள் ஞாயிறு மாலை ஏறுகிறார்கள், நேரடி விமானம்தான் வேண்டும் என்கிறார்கள், கொடுக்கிறார்கள். பாஸ்டன்–டிமாயின் வேறு சந்தை. எப்படியும் எங்கோ இறங்கி மாறித்தான் போக வேண்டும் என்றால், ஒருவர் சிகாகோ வழியாகக் கூப்பிடுவார், ஒருவர் டெட்ராய்ட் வழியாக, ஒருவர் மினியாபொலிஸ் வழியாக. போகிறவருக்கு எல்லாம் ஒன்றுதான், விலையை மட்டும் பார்ப்பார். அதனால் அந்த விலை இறங்குகிறது. 1978-இல் அமெரிக்காவில் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதை ஒழிக்கும் சட்டம் வந்த பிறகு, நிறுவனங்கள் ஒரு பெரிய விமான நிலையத்தை மையமாக வைத்துக்கொண்டு சுற்றுப்பட்ட ஊர்களுக்குக் கிளை பிரிக்க ஆரம்பித்தன. அந்தக் கிளைகளின் நிழலில்தான் நீங்கள் பார்க்கும் 148 டாலர் இருக்கிறது.

நம் ஊரில் இது தலைகீழ். திருச்சி பஸ் கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய காலத்தில் கண்டக்டர் என்ன சொல்வார்? "விழுப்புரம் ஆள் ஏறாதீங்க, திருச்சி ஆள் மட்டும் ஏறுங்க." இடையில் இறங்குகிறவன் அங்கே வேண்டாத ஆள், ஏற வேண்டுமென்றால் முழு டிக்கெட் எடு என்பார். இங்கேயோ முழு தூரமும் வருகிறவனுக்குத்தான் சலுகை, இடையில் இறங்குகிறவனிடம்தான் கறக்கிறார்கள். சரி, இரண்டிலுமே இடையில் இறங்குகிறவனுக்குத்தான் அடி. தலைகீழ் என்று சொன்னது தப்பு. எழுதிக்கொண்டே வரும்போதுதான் தெரிகிறது.

12 ஜனவரி, மாலை

சாவிக் கதை.

மூன்றாவது முறை அது, 2023 பிப்ரவரி. பெட்டியை செக்-இன் செய்யக் கூடாது என்பது இந்த வித்தையின் முதல் பாடம். போட்டால் அது நம்மைக் கேட்காமல் கடைசி ஊருக்குப் போய்விடும். எனக்குத் தெரியும். அதனால் கையில் இழுத்துக்கொண்டு போகும் சின்னப் பெட்டி மட்டும். மலிவு டிக்கெட், கடைசிக் குழுவில் ஏற்றினார்கள். என் முறை வருவதற்குள் மேலே வைக்கும் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே என் பெட்டியை வாங்கி ஒரு டேக் மாட்டினாள். "கவலைப்படாதீர்கள், டிமாயினில் வாங்கிக்கொள்ளலாம், காசு கிடையாது" என்றாள். காசு கிடையாதாம்.

என்ன சொல்வது? சிகாகோவில் வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன் மாதிரி நின்றேன். மருந்து இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், அப்புறம்தான் தோன்றியது. பெட்டி போனது. இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் நினைவு வந்தது, வீட்டுச் சாவி பெட்டியின் முன் ஜிப்பில். என் வீட்டுக்காரரும் அந்த வாரம் ஊரில் இல்லை.

சிகாகோ பிப்ரவரி எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரவு பத்தரை மணிக்கு வாசல்படியில் நின்று பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டேன். 165 டாலர். அந்தப் பயணத்தில் நான் மிச்சம் பிடித்தது 140.

பெட்டியைத் திரும்ப வாங்கியது தனிக் கதை. போன் செய்தேன். "பெட்டி டிமாயினில் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்றாள் எதிர்முனைப் பெண். சிகாகோவில் உடம்பு முடியாமல் போய்விட்டது, அடுத்த விமானத்தில் ஏற முடியவில்லை என்றேன். அவள் பதறிப்போய் இப்போது எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று விசாரித்தாள். மூன்றாம் நாள் பெட்டியை சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்துக்கே அனுப்பி வைத்தார்கள். உள்ளே மகளுக்குக் கொண்டுபோய், அவள் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த வத்தக்குழம்புப் பொடி. அதுவும் டிமாயின் பார்த்துவிட்டு வந்தது, நான் பார்க்கவில்லை.

நிறுவனத்தின் நிபந்தனையை மீறினேன் என்று எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அந்தப் பெண் பதறினாளே, அது கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

13 ஜனவரி

"முதல் விமானத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு உள்ள எல்லாம் தானாக ரத்தாகிவிடும். கடைசிக் கட்டத்தை மட்டும்தான் விட முடியும். போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்து, போகும்போது நழுவினால் திரும்பும் டிக்கெட் காலி. அதனால்தான் நான் எப்போதும் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று தனித்தனியாக எடுக்கிறேன். மைல் எண்ணைக் கொடுப்பதே இல்லை.

14 ஜனவரி

குக்கரில் பொங்கல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பஸ்ஸைச் சொன்னதற்கு நாலு பேர் ரயிலைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் சொல்வது சரிதான், ரயில்தான் இதற்கு நெருங்கின சொந்தம்.

எழும்பூரிலிருந்து மதுரைக்கு டிக்கெட் பார்த்தால் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும். அதே ரயிலில் கன்னியாகுமரி வரை பார்த்தால் கிடைத்துவிடும். ரயில் புறப்படும் ஊரிலிருந்து முடியும் ஊர் வரை போகிறவர்களுக்குப் பொது ஒதுக்கீட்டில் இடம் அதிகம், நடுவில் இறங்குகிறவர்களுக்கு இடம் கம்மி. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எத்தனை முறை அப்படி எடுத்திருப்போம்! மதுரையில் இறங்கினால் டி.டி.ஆர். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காலியான பெர்த்தை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கும் லாபம், நமக்கும் லாபம்.

ஒரு பெரிய வித்தியாசம், ரயிலில் நாம் கூடுதல் காசு கொடுத்துவிட்டு முன்னாலேயே இறங்குகிறோம். விமானத்தில் குறைந்த காசு கொடுத்துவிட்டு முன்னாலேயே இறங்குகிறோம். ரயில்வேக்குக் கோபம் வராததற்கு அதுதான் காரணம், பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

அடிப்பிடித்த வாசனை வருகிறது. அப்புறம்.

19 ஜனவரி

கோர்ட் பற்றிக் கேட்டவர்களுக்கு.

இந்த மாதிரி டிக்கெட்டுகளைத் தேடித் தருவதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது, ஸ்கிப்லாக்ட். அக்தரர் ஜமான் என்கிற இளைஞர் ஆரம்பித்தது. 2014 நவம்பரில் யுனைடெட் விமான நிறுவனமும் ஆர்பிட்ஸ் என்கிற டிக்கெட் விற்கும் தளமும் சேர்ந்து அவர் மேல் வழக்குப் போட்டன. அப்போது அவருக்கு 22 வயது. வழக்கு நடந்தது எங்கள் சிகாகோவில். ஆர்பிட்ஸ் சமரசம் செய்துகொண்டது, 2015-இல் யுனைடெட் தோற்றது.

ஜெர்மனியில் லுஃப்தான்சா ஒரு பயணி மேலேயே வழக்குப் போட்டது. அவர் 2016-இல் ஓஸ்லோவிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக சியாட்டில் போய், திரும்பும்போது பிராங்க்பர்ட்டோடு நின்றுவிட்டு வேறு டிக்கெட்டில் பெர்லின் போனார். 2,112 யூரோ கொடு என்றது நிறுவனம். 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக பயணி ஜெயிக்கிறார்.

20 ஜனவரி

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம். வழக்கறிஞர் ஒருவர் காதைத் திருகிவிட்டார்.

யுனைடெட் "தோற்றது" என்பது என் உற்சாகம். அந்த இளைஞர் சிகாகோவில் இருப்பவர் இல்லை, அதனால் இந்த நீதிமன்றத்துக்கு இந்த வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று சொல்லி முடித்தார்கள். செய்தது சரியா தப்பா என்று நீதிபதி வாயைத் திறக்கவே இல்லை. பெர்லினிலும் அப்படித்தான், நழுவுவது நியாயம் என்று சொல்லவில்லை. விலையைத் திரும்பக் கணக்குப் போடும் முறையைப் பயணிக்குப் புரியும்படி எழுதவில்லை என்றுதான் தள்ளினார்கள். நன்றாக எழுதியிருந்தால்?

இரண்டாவது, நான் பழைய கதையோடு நிறுத்திவிட்டேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023 ஆகஸ்டில் அதே தளத்தின் மேல் டெக்சாஸில் வழக்குப் போட்டது, ஃபோர்ட் வொர்த்தில், அதாவது தன் சொந்த ஊரில். 2024 அக்டோபரில் நடுவர் குழு 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதில் பாதி தளம் சம்பாதித்த வருமானத்துக்கு, பாதி நிறுவனத்தின் சின்னத்தை அனுமதியில்லாமல் போட்டதற்கு. இங்கேயும் பயணி நழுவினது குற்றமா என்கிற கேள்விக்குப் பதில் இல்லை. இத்தனை வழக்கு நடந்தும் அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறார்கள்.

பயணிகளை விட்டுவிடுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2023 கோடையில் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஒரு பதின்வயதுப் பையன். டிக்கெட் சார்லட் வழியாக நியூயார்க்குக்கு. காட்டிய லைசென்ஸ் வட கரோலினாவுடையது, சார்லட் இருப்பதும் அங்கேதான். கவுண்டரில் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்து, நேரடி டிக்கெட் வாங்க வைத்தார்கள். நம் கேள்வி கேட்ட தம்பியின் லைசென்ஸ் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்துடையதா? ஏறும் முன் கவுண்டர் பக்கமே போகாதீர்கள். போர்டிங் பாஸை போனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

26 ஜனவரி

லண்டனிலிருந்து ஒருவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"அக்கா, நான் கொழும்புக்குத்தான் போக வேணும். லண்டன்–கொழும்பு நேர விமானத்துக்குக் கேக்கிற காசைப் பாத்தா, கொழும்பில மாறித் திருச்சி போற டிக்கெட் மலிவாக் கிடக்கு. கொழும்பில இறங்கி யாழ்ப்பாண பஸ் எடுத்தாச் சரிதானே? என்னட்டை பிரித்தானியக் கடவுச்சீட்டு."

சரியில்லை தம்பி. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹீத்ரோ விமான நிலையக் கவுண்டரில் முதலில் கேட்பது கடைசி ஊருக்கு உள்ளே விடுவார்களா என்பதைத்தான். பிரித்தானியக் கடவுச்சீட்டில் திருச்சி போக இந்திய விசா வேண்டும். விசா இல்லையென்றால் ஏற்றவே மாட்டார்கள், ஏற்றினால் நிறுவனத்துக்குத்தான் அபராதம். நான் போகப்போவது கொழும்புக்குத்தான் என்று அங்கே நின்று விளக்குவீர்களா? விசாவுக்குக் காசு கட்டினால் மிச்சம் எங்கே? இலங்கைக்குள் நுழையவும் தனியாக அனுமதி எடுத்திருக்க வேண்டும், அதை ஹீத்ரோவில் காட்டினால் இது எதற்கு என்பார்கள்.

பெட்டி? யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர் கைப்பெட்டி மட்டும் கொண்டு போகிற ஆளா? அம்மா, சித்தி, மாமி, சித்தியின் மருமகள் எல்லாருக்கும் சாமான் கட்டிக்கொண்டுதான் போவீர்கள். அது அத்தனையும் திருச்சியில் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த ஊர்தான் சொந்த ஊர், சொன்னால் எங்கள் பெரியப்பா பையனைப் போய் வாங்கச் சொல்கிறேன். ஆனால் அவன் மாமிக்கு வைத்த சாக்லேட்டைத் தின்றுவிடுவான்.

2 பிப்ரவரி

பெட்டி விஷயத்தில் நான் ஒரேயடியாகச் சொன்னதை ஒருவர் மறித்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வரும்போது, பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து சுங்கத்தைத் தாண்டி மறுபடி கொடுக்க வேண்டும். அப்போது பெட்டி நம் கையில்தானே இருக்கிறது, அப்படியே உருட்டிக்கொண்டு வெளியே போகலாமே என்கிறார்.

உண்மை. இந்தியாவுக்குள் வரும்போதும் பெரும்பாலும் அப்படித்தான். முதல் ஊரில் எடுத்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போடுவோம். சிங்கப்பூரிலிருந்து சென்னை வழியாக மதுரைக்கு டிக்கெட் எடுத்தவர் சென்னையில் பெட்டி எடுக்கும் இடத்தில் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். நான் சொன்ன பெட்டிப் பாடம் உள்நாட்டுப் பயணத்துக்கும், லண்டன்–கொழும்பு–திருச்சி மாதிரி மூன்றாவது நாட்டில் மாறுவதற்கும். மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

3 பிப்ரவரி

"இது திருட்டுதானே?" என்று ஒருவர். ஒரு வரிக் கேள்வி, நாள் முழுக்க மண்டைக்குள் ஓடியது.

இரண்டு இட்லி, ஒரு வடை செட்டாக வாங்கினால் மலிவு என்று வாங்கிவிட்டு வடையை வைத்துவிட்டு எழுந்தால் ஓட்டல்காரர் சண்டைக்கு வருவாரா? இதுதான் எல்லாரும் சொல்லும் வாதம், நானும் வீட்டுக்காரரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் சொன்னார்: "வடையை வைத்துவிட்டு எழுந்தால் பரவாயில்லை. நீ சாப்பிட வருவாய் என்று சட்டியோடு நிற்கிறார்கள் பார், அதைச் சொல்."

அது உண்மை. சிகாகோ–டிமாயின் போவது சின்ன விமானம். ஏறாதவர் பெயரைக் கூப்பிடுவார்கள். முதல் முறை நான் விமான நிலையத்தை விட்டு உடனே போகவில்லை, காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒலிபெருக்கியில் ஒரு பெயர். நம் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று நிமிர்ந்தேன். என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயரைத்தானே எழுதினோம்? பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, ஒரு நாள்கூட விமானம் ஏறாமல் போய்ச் சேர்ந்த மனிதரை, ஓஹேர் விமான நிலையத்தில் மூன்று முறை கூப்பிட்டார்கள். டிமாயின் செல்லும் பயணி உடனே வரவும், கதவு மூடப்போகிறோம். உச்சரிப்பை வேறு கொலை செய்தார்கள். காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்த இடம் காலியாகப் போயிருக்கும், இல்லையென்றால் காத்திருந்த யாருக்காவது கிடைத்திருக்கும். நிறுவனத்துக்கு நஷ்டம் என்றால் எனக்குக் கவலையில்லை. டிமாயின்காரர்களுக்கு நஷ்டமா என்பதுதான் கேள்வி. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான கணக்காய்வு அலுவலகம் 2001-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதியிருக்கிறது. நழுவுவதைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டால், நிறுவனங்கள் சின்ன ஊர்களுக்கான விலையை ஏற்றிவிடும் என்கிற மாதிரி முடிகிறது. அதாவது என்னைப் போல நாலு பேர் செய்தால் ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்தால் டிமாயின் பாட்டி பேத்தியைப் பார்க்கப் போக அதிகம் கொடுக்க வேண்டும். இதற்குப் பதில் என்னிடம் இல்லை. திருட்டு என்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

17 பிப்ரவரி, டிமாயின்

ஆமாம். தலைப்பைச் சரியாகத்தான் வாசிக்கிறீர்கள்.

நேற்று ஏழாவது முறை. இத்தனை பேருக்கு இத்தனை பாடம் எடுத்துவிட்டு, விலையைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. 127 டாலர் வித்தியாசம். சாவி கைப்பையில், பெட்டியே கிடையாது, ஒரு தோள்பை மட்டும். எல்லாம் பக்கா.

பாஸ்டன் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன், போனில் செய்தி. சிகாகோவில் பனி, உங்கள் விமானம் ரத்து, உங்களை வாஷிங்டன் வழியாக மாற்றியிருக்கிறோம், இன்றிரவே டிமாயின் போய்விடலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம். சிகாகோ படத்திலேயே இல்லை.

கவுண்டருக்கு ஓடினேன். நாளைக்கு சிகாகோ வழியாகப் போகிறேனே என்றேன். அந்தப் பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மேடம், நீங்கள் போக வேண்டியது டிமாயின்தானே? இது இன்றைக்கே போகிறது. சிகாகோ வழியாக என்றால் செவ்வாய்க்கிழமைதான் இடம்." அவன் பேசியதில் ஒரு குறை சொல்ல முடியாது. சிகாகோவில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று இழுத்தேன். யாரை என்று கேட்டால் என் வீட்டுக்காரரை என்று சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். டிக்கெட்டை வேண்டாமென்று சொல்லிக் காசைத் திருப்பி வாங்கியிருக்கலாம், விமானத்தை அவர்கள்தானே ரத்து செய்தார்கள். ஆனால் பாஸ்டனிலிருந்து சிகாகோவுக்கு அப்போது மிச்சமிருந்த நேரடி டிக்கெட்டின் விலையைச் சொன்னால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும்.

ஆக, டிமாயின். இரவு பதினொன்றரைக்கு இறங்கினேன். பெட்டி எடுக்கும் இடத்தைத் தாண்டும்போது நின்று ஒரு நிமிடம் பார்த்தேன். என் பெட்டி இந்த பெல்ட்டில்தானே இரண்டு வருஷம் முன்னால் தனியாகச் சுற்றியிருக்கும்.

ஓட்டல் 112 டாலர். காலையில் பஸ் ஏறும் முன் ஒரு மணி நேரம் இருந்தது, மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். தங்கத் தகடு வேய்ந்த கும்மட்டம், பனி மேல் வெயில் பட்டு அப்படி ஒரு ஜொலிப்பு. ஸ்ரீரங்கம் கோயிலின் தங்க விமானம் ஞாபகம் வந்தது. ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் வராமல் இருந்தது என் குற்றம்.

18 பிப்ரவரி

வீட்டுக்கு வந்துவிட்டேன். மிசிசிப்பியைத் தாண்டி, கிட்டத்தட்ட 330 மைல், பனியில் ஊர்ந்து ஊர்ந்து எட்டு மணி நேரம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் எங்கே போகிறாய் என்றார். சிகாகோ. எங்கிருந்து வருகிறாய்? பாஸ்டன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கணக்கு கேட்டிருக்கிறீர்கள், இதோ. ஆறு பயணத்தில் மிச்சம் 92, 118, 140, 75, 131, 104. மொத்தம் 660. ஏழாவதில் 127. ஆக 787. செலவு: பூட்டு 165, ஓட்டல் 112, பஸ் 61, சாப்பாடு 23. மொத்தம் 361. நிகர லாபம் 426 டாலர்.

கணக்கைப் பார்த்துவிட்டு நானே அசந்துவிட்டேன். நஷ்டம் என்று வரும், அதைக் காட்டி உங்களுக்கு உபதேசம் பண்ணலாம் என்று நினைத்துத்தான் கூட்ட ஆரம்பித்தேன்.

18 பிப்ரவரி, இரவு

ஒரு நாள் சம்பளம் போனதைச் சேர்க்கவில்லையே என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்கிறார். அதைச் சேர்த்தால் லாபம் பாதியாகிறது. உடம்பு முடியவில்லை என்று சொன்ன பொய்யை எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் கேட்கிறார். போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

9 மார்ச்

கோடையில் அம்மா திருச்சியிலிருந்து வருகிறாள். அவளுக்கும் இப்படி ஏதாவது வழியில் எடுக்கலாமா என்று ஒருவர் யோசனை சொல்கிறார், நல்லெண்ணத்தோடுதான். வேண்டாம். 78 வயது, ஆங்கிலம் கொஞ்சம்தான், சக்கர நாற்காலி கேட்டிருக்கிறேன். நாற்காலி தள்ளுகிறவர் அவளை நேராக அடுத்த விமானத்தின் வாசலில் கொண்டுபோய் விடுவார், அது அவர் வேலை. அம்மாவும் சமர்த்தாக ஏறி உட்கார்ந்துவிடுவாள். பாதி வழியில் கிளம்பும் வித்தை, தானே எழுந்து நடந்து, கேட்டால் தானே சமாளித்துப் பேசத் தெரிந்தவர்களுக்கு மட்டும். குழந்தைகள், வயசானவர்கள், விசா சிக்கல் உள்ளவர்கள், மறுநாள் கல்யாணம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். மகளுக்கும் நான் ஒரு நாளும் இப்படி எடுத்ததில்லை. அவளுக்கு எடுக்கும்போது கை வேறு பக்கம் போகிறது.

27 ஏப்ரல்

பாஸ்டனிலிருந்து இன்று திரும்பினேன். நேரடி டிக்கெட், 236 டாலர். மலிவாக ஒன்று இருந்ததா என்று கேட்காதீர்கள், நான் தேடவே இல்லை. கொஞ்சம் தேடினேன்.

ஓஹேரில் இறங்கி நடந்து வரும்போது பக்கத்து வாசலில் டிமாயின் என்று பலகை. நின்றுவிட்டேன், பழக்கம். ஒலிபெருக்கியில் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது பெயர் எப்படி உடைத்துச் சொன்னாலும் நம் ஊர்ப் பெயர், அநேகமாக யாரோ ஓர் அப்பாவுடையது. எதிர்ப் பக்கம் முதுகுப் பையோடு ஒரு பையன், தலையைக் குனிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், பெட்டி எடுக்கும் இடத்துக்குப் போகும் வழியில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தான்.

தம்பி, அது நீங்களா?